காய்ந்த கழனியில் மூன்று குழாய்

கே.ஜி.கண்டிகையில் ஒரு வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதை மறைத்துவிடலாம். கழனியில் தண்ணி இருக்கிறதா இல்லையா என்பதை மறைக்க முடியாது. அதுவும் கோதண்டபாணியின் கழனி பஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. திருத்தணியிலிருந்து வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தவன் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் நுழைவான். எங்கள் விசைத்தறிக் கொட்டகையின் ஜன்னலும் அந்தப் பக்கம்தான். நான் வேண்டுமென்று பார்ப்பதில்லை. நூல் அறுந்தால் தறியை நிறுத்துவேன். நிமிர்ந்தால் கழனி தெரியும். நூல் அடிக்கடி அறுகிறது என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

கோதண்டபாணிக்கும் பாஞ்சாலிக்காவுக்கும் ஒரே பிள்ளை, ஜெயப்பிரகாஷ். முப்பத்து மூன்று வயசு ஆகியும் பெண் அமையவில்லை. பையனிடம் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. நானே தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. ஆனால் "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று கேட்டு "சொந்த நெலத்துல விவசாயம்" என்று பதில் வந்தால், பெண் வீட்டார் காபி டம்ளரைப் பாதியில் கீழே வைத்துவிடுகிறார்கள். வந்த சம்பந்தமெல்லாம் இப்படியே போயிற்று. பாஞ்சாலிக்கா கிருத்திகை தவறாமல் மலையேறி முருகனிடம் நேராகவே கேட்பாள்: "நீ மட்டும் ரெண்டு கட்டிகினு நிக்கிற, எம்புள்ளைக்கு ஒண்ணு பாத்துக் குடுக்கக் கூடாதா?"

இப்படி இருக்கையில்தான் போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்து ஊரில் கூட்டம் போட்டார்கள். நெல் கழனியில் எந்நேரமும் தண்ணி தேங்கி நின்றால் அடியில் இருக்கிற சேறு காற்றுப் படாமல் புளித்து, மீத்தேன் என்ற வாயுவை விடுகிறதாம். மாடு ஏப்பம் விட்டால் வருகிற அதே சரக்கு. அது மேலே போய் உலகத்தைச் சூடாக்குகிறதாம். தண்ணியை நடுநடுவே வற்றவிட்டு, மண்ணை மூச்சு வாங்க வைத்து, பிறகு பாய்ச்சினால் அந்த வாயு ஏறக்குறைய பாதியாகக் குறையுமாம். குறைந்ததை அளந்து, எங்கேயோ புகை விட்டுக்கொண்டிருக்கிற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்காக விற்பார்களாம். அதில் விவசாயிக்கும் ஒரு பங்கு.

கோதண்டபாணி எழுந்து நின்று கேட்டார். "அதாவது, வெளிய வுடாத காத்துக்குக் காசு. அப்டித்தானே?"

"அப்படித்தான் ஐயா."

"அப்ப நான் இவ்ளோ நேரமா சபையில மரியாதைக்கு அடக்கிகினு உக்காந்துகினு கீறனே, அதுக்கு எவ்ளோ தருவீங்கோ?"

கூட்டம் அதோடு கலைந்திருக்க வேண்டியது. ஜெயப்பிரகாஷ்தான் அப்பாவை உட்கார வைத்து, மேலும் மேலும் கேள்வி கேட்டு, கடைசியில் பன்னிரண்டு குடும்பத்தைச் சேர்த்துவிட்டான். கரும்புத் தோகையைக் கொளுத்தாமல் மண்ணில் மூடுகிறவர்கள் சிலர், வரப்பில் மரம் வைக்கிறவர்கள் சிலர் என்று வேறு வேறு கிராமங்களில் நடக்கிறதாம். எங்கள் ஊருக்கு நெல். அவனுடைய கழனியே மாதிரிக் கழனி. அங்கே எடுக்கிற அளவை வைத்துத்தான் பன்னிரண்டு குடும்பத்துக்கும் கணக்கு. அவன் கழனியில் தப்பு நடந்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் அந்தப் போகத்துக் காசு போனது போனதுதான்.

வரப்பு பிரித்த மூன்று துண்டு அந்தக் கழனி, மடி என்போம்; மடிக்கு ஒன்றாக வெள்ளைக் குழாய் நட்டார்கள். ஒரு முழ நீளம், பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. மண்ணுக்குள் போகிற பாதியில் சுற்றிலும் ஓட்டை. மேலே எலி விழாமல் இருக்க ஒரு மூடி. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் மண்ணுக்கு அடியில் தண்ணி எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும் வரைக்கும் வேருக்குத் தண்ணி எட்டுமாம், பயிருக்கு ஒன்றும் ஆகாதாம். அதற்கப்புறம் பாய்ச்சினால் போதும். மேலே மண் வெடித்துக் கிடக்கும், கீழே தண்ணி இருக்கும். ரோட்டில் போகிறவன் கண்ணுக்கு மேலே இருக்கிறதுதானே தெரியும்? ஊரே வந்து பாஞ்சாலிக்காவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போயிற்று.

கம்பெனிக்காரர்கள் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆகாயத்திலிருந்து சாட்டிலைட் பார்க்கும். கீழே ஆள் வைத்தும் விசாரிப்போம். யார், எப்போது என்று சொல்ல மாட்டோம். அன்றிலிருந்து கோதண்டபாணி கழனி ஓரத்தில் ஒதுங்குவதை விட்டுவிட்டார். மேலே இருந்து பார்க்கிறார்களே! ஜெயப்பிரகாஷ் வேறு அவருக்குச் சொல்லி வைத்திருந்தான்: "நைனா, யாரு வந்து கேட்டாலும் உள்ளதைச் சொல்லு. தண்ணி நிக்க வுடறதே இல்லன்னு தெளிவாச் சொல்லு. வளவளன்னு பேசாத."

தையில் நடுகிற நவரைப் போகத்தில்தான் மணவூர் சம்பந்தம் வந்தது.

பெண்ணின் அப்பா வேதாசலம் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் மோகனப்ரியா தினம் ரயில் ஏறிப் போய் திருவள்ளூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். போட்டோ பிடித்தது, ஜாதகம் பொருந்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் தானாகவே "விவசாயம்னா பரவால்ல" என்று சொல்லிவிட்டதாகத் தரகர் வந்து சொன்னார். பாஞ்சாலிக்கா அந்த வார்த்தையை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டாள். நானும் கேட்டேன். பையனும் பெண்ணும் போனில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் மோட்டார் கொட்டகை எங்கள் தறிக் கொட்டகைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் தறிச் சத்தம் இருக்காது.

எங்கள் பக்கம் பெண் வீட்டார் முறையாக வருவதற்கு முன்னால், சொல்லாமல் ஒருத்தர் வந்து விசாரித்துவிட்டுப் போவது வழக்கம். டீக்கடையில் ஒரு டீ, சலூனில் நாலு வார்த்தை, பக்கத்து வீட்டில் ஒரு சொம்புத் தண்ணி. அதற்குள் ஜாதகத்தில் இல்லாததெல்லாம் தெரிந்துவிடும். இதில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம், வேதாசலம் பக்கத்து வீடுவரை வராமல் டீக்கடையோடு முடித்துக்கொண்டாரே என்பதுதான்.

அன்று தறி ஆட்களுக்கு டீ வாங்கத் தூக்கோடு கடைக்குப் போயிருந்தேன். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் குடையுமாக ஒருத்தர் ரோட்டு ஓரத்தில் நின்று கழனியையே பார்த்துக்கொண்டிருந்தார். மழையும் இல்லை, அப்படியொன்றும் வெயிலும் இல்லை. குடை நுனியால் வெள்ளைக் குழாய்களை ஒவ்வொன்றாகக் குறி பார்த்துவிட்டு வந்து, நேராகக் கோதண்டபாணி பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்த ரோட்டோரக் கழனி யாருதுங்க?"

கோதண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டைச் சரி செய்துகொண்டார். "நம்மளுதுதாங்க."

வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ. தண்ணியெல்லாம் எப்படி?"

"சொட்டு கெடையாதுங்க."

வந்தவர் வாய்க்குக் கொண்டுபோன டீ அப்படியே நின்றது. "இப்பத்திக்கா, இல்ல எப்பவுமேவா?"

"போன போகத்துலயும் இதே கததாங்க. வெடிப்பு வுட்டு கீது பாருங்க, வெரலே உள்ள பூரும்."

"மூணு குழாய் எறக்கியுமா?"

"மூணுலயும் பாத்தாச்சுங்க. தண்ணி நாளுக்கு நாள் கீழ போய்கினேதான் கீது."

"அடடா. ஊர்ல எல்லாருக்குமே இப்படித்தானா?"

"இல்லீங்க, பன்னண்டு குடும்பந்தான் இப்டி. நம்ம பையன்தான் அவங்களுக்கெல்லாம் தலைவரு."

கோதண்டபாணியின் குரலில் அப்படி ஒரு பெருமை. வந்தவர் டீயைப் பாதியில் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பையன் ஆளு எப்படிங்க? குடி கிடி ஏதாச்சும்...?"

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. வாயுவை அளக்கிற கம்பெனிக்காரன் பையன் குடிக்கிறானா என்று ஏன் கேட்கப் போகிறான்? கோதண்டபாணிக்கு அது தோன்றவில்லை. கம்பெனி அதையும் அளக்கும் போல என்று நினைத்திருப்பார்.

"தங்கமான புள்ளைங்க. டீத்தண்ணி கூட அளவாத்தான் குடிப்பான். கண்ண மூடுனா அந்தக் குழாய் நெனப்புதான் அவனுக்கு. விடியறதுக்கு முன்ன எழுந்து போயி டார்ச் அடிச்சு எட்டிப் பாத்துகினு நிப்பான்னா பாருங்களேன்."

"பாவம்" என்றார் வந்தவர்.

நான் குறுக்கே புகுவதற்குள் தூக்கு நிரம்பி டீ கையில் வழிந்தது. ஊதிக்கொண்டு நிமிர்ந்தால், மனுஷன் இரண்டு டீக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கோதண்டபாணியின் தோளைத் தட்டிவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

"யாருண்ணா அது?" என்றேன்.

"கம்பெனி ஆளு. நறுக்கு நறுக்குன்னு பதில் சொல்லி அனுப்பிட்டேன்."

"குடையில மணவூர் ரயில்வே தொழிலாளர் சங்கம்னு எழுதியிருந்துச்சே?"

"கம்பெனிக்காரன் குடையை எவன் கிட்டயாச்சும் கடன் வாங்கியிருப்பான். உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் மனோரமா."

பாஞ்சாலிக்கா அன்றைக்குப் பார்த்து, கிருத்திகைக்குக்கூடக் காத்திராமல், மலைக்குப் போயிருந்தாள். அவள் விபூதியோடு படி ஏறி வருவதற்குள் தரகர் போன் வந்துவிட்டது. ஜாதகத்தில் ஏதோ சின்னதாக இடிக்கிறதாம். பொருந்திய ஜாதகம் பொருந்தியபடியே வீட்டுப் பீரோவில் இருக்க, இடிப்பது எங்கே என்று பாஞ்சாலிக்காவுக்குப் புரியவில்லை. நான்தான் போய் உட்கார்ந்து, டீக்கடையில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா?

பாஞ்சாலிக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"யோவ். பொண்ணோட அப்பன் கிட்டயே போயி நம்ம கழனியில சொட்டுத் தண்ணி இல்லன்னு சொல்லிட்டு வந்து கீறியே, நீ மனுஷனா?"

"கம்பெனின்னு நெனச்சேன்டி."

"மூணு எடத்துல வெள்ளைக் குழாய் நிக்குது. பாக்கறவன் இன்னா நெனப்பான்? மூணு போர் போட்டு மூணும் புட்டுக்கிச்சு, வட்டிக்கு வாங்கி மூழ்கிட்டானுங்கன்னுதானே நெனப்பான்? இன்னும் நாலு எடத்துல போர் போடறதுக்கு எம்பொண்ணு நகைதான் கெடச்சுதான்னு ஓடியே போயிட்டாரு!"

"அதுல ஒரு விஷயம் பாஞ்சாலி. மனுஷன் ரொம்ப நல்ல மாதிரி. டீ வாங்கிக் குடுத்தாரு."

பாஞ்சாலிக்கா கையில் கிடைத்த முறத்தை வீசினாள். எப்போதும் போல அது என் பக்கம்தான் வந்தது.

ஜெயப்பிரகாஷ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. விவசாயி என்று வேண்டாம் சொன்னவர்கள் எல்லாரையும் தாங்கிக்கொண்டவனுக்கு இந்தப் பெண்ணை இழக்க மனசில்லை. அது தெருவுக்கே தெரிந்தது. பாஞ்சாலிக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"இப்பவே மோட்டாரப் போடு. கழனி நெறையத் தண்ணி வுட்டு, ஒரு போட்டோ எட்த்து அந்தப் பொண்ணுக்கு அனுப்பு. அவங்கப்பன் கிட்ட காட்டட்டும்."

"முடியாதும்மா. வெள்ளிக்கிழமை கம்பெனியிலருந்து சௌமியா மேடம் பொட்டி வெச்சு வாயுவ அளக்க வராங்கோ. காய வேண்டிய முறையில தண்ணி நின்னுச்சுன்னா அளவு பூரா தப்பாயிரும். பன்னண்டு வூட்டுக் கணக்கும் போவும்."

"பன்னண்டு வூடும் சேந்து உனக்குப் பொண்ணு குடுப்பாங்களாடா?"

"ஒரு நாளைக்குத் தண்ணிய நிக்க வெச்சுக் காட்டி கட்டிகினு வந்தா, மறுநாள்லருந்து கழனிய எங்கம்மா ஒளிச்சு வெக்கிறது? பஸ் ரோட்டு மேல கீது."

பாஞ்சாலிக்கா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே போய்விட்டாள் என்றால் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை.

மறுநாள் அவன் மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை பூராவும் கிரீஸ். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். எங்கள் தறியில் அந்த நேரம் பார்த்து நூல் அறுந்திருந்தது.

"எங்கப்பா மூணு போர்னு சொல்றாருங்க. குழாய் எத்தினி அடி?" என்றாள் மோகனப்ரியா.

"அடியா? ஒரு முழங்க."

"ஒரு முழத்துல போரா?"

அவன் குழாயின் கதையை முதலிலிருந்து சொன்னான். சேறு, வாயு, ஓட்டை, மூடி, எல்லாம். காதல் பேச்சில் மீத்தேன் வருவதை நான் அன்றுதான் கேட்டேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"சரிதான். உள்ள பாக்காம, வெளிய வயித்தைப் பாத்தே ரிப்போர்ட் எழுதிட்டாரு எங்கப்பா. நான் சொன்னா ஏறாதுங்க. அவர் கண்ணால பாத்தது, உங்கப்பா வேற வாயால சொல்லிட்டாரு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. கிருத்திகைக்கு அவரை மலைக்குக் கூட்டிகினு வரேன். எறங்குனதும் ஆட்டோவை உங்க ஊருக்குத் திருப்பிடறேன். அப்புறம் உங்க பாடு."

"கிருத்திகை என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை."

பெட்டி வைக்கிற அதே நாள். ஜெயப்பிரகாஷ் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான். பிறகு, "வாங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை கிருத்திகைக்குப் பாஞ்சாலிக்கா மலையேறவில்லை; காலையிலேயே அவள் வீட்டில் வடையும் பாயசமும் வாசனை அடித்தது. கோதண்டபாணிக்குப் பட்டுக்கரை வேட்டி கட்டிவிட்டு, ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள்: அவங்க போற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. மனுஷன் பாதுகாப்புக்குத் துண்டை வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் ஒத்தாசைக்குப் போயிருந்தேன்.

கழனியில் சௌமியா பலகை போட்டு அதன் மேல் குந்தியிருந்தாள். கம்பெனியில் அளவெடுக்கிற பெண். மண்ணில் கால் பட்டால் அடியில் இருக்கிற வாயு கிளம்பிவிடுமாம், அதனால் பலகை. பயிர் மேல் உயரமான பெட்டிகளைக் கவிழ்த்து, அதன் தலையிலிருந்து ஊசியால் காற்றை உறிஞ்சிச் சின்னச் சின்ன சீசாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை எடுத்தால் போதாது. பெட்டிக்குள் காற்று சேரச் சேர மறுபடி மறுபடி எடுக்கணும்.

ஆட்டோ வந்து நின்றது. நெற்றி நிறைய விபூதியோடு வேதாசலம் இறங்கினார், பின்னால் மோகனப்ரியா. இடம் எது என்று தெரிந்ததும் மகளை முறைத்தார். பிறகு கழனியைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நெலத்துக்கு ஊசி போடற அளவுக்குப் போயிட்டுதா?"

"கிட்ட வந்து பாருங்கப்பா. இவ்ளோ தூரம் வந்தாச்சு."

ஜெயப்பிரகாஷ் வரப்போரமாக இருந்த குழாயின் மூடியைத் திறந்தான். வேதாசலம் உள்ளே எட்டிப் பார்த்தார். கண்ணை நம்பாமல் குடை நுனியை விட்டுப் பார்த்தார். நுனி நனைந்து வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கியாவது வடிஞ்சு வந்த தண்ணியா இருக்கும். ஒரு முழக் குழாய்ல ஒரு கை தண்ணிய வெச்சு நான் இன்னா தம்பி முடிவு பண்றது? போர் ஓடணும். ஓடறத நான் பாக்கணும்."

"பாக்கலாங்க. த்ரீ ஃபேஸ் கரண்ட் மதியத்துக்கு மேலதான் வரும்."

அப்படியாக எல்லோரும் கரண்டுக்காகக் காத்திருந்தோம். பாஞ்சாலிக்கா இலை போடட்டுமா என்று கேட்டாள். "இருக்கட்டுங்க. மலையிலயே பிரசாதம் சாப்ட்டோம்" என்றார் வேதாசலம். தண்ணி கொடுத்தாள், கொண்டுவந்த பாட்டிலைக் காட்டினார். சம்பந்தம் வேண்டாம் என்றால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், அது எங்கள் பக்கத்து முறை. பாயசம் ஆறி ஏடு கட்டியது. கோதண்டபாணி துண்டுக்குள்ளிருந்து ஏதோ சொல்ல வந்தார். பாஞ்சாலிக்கா பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டார்.

கரண்ட் வந்தது. ஜெயப்பிரகாஷ் ஓடிப்போய் ஸ்டார்ட்டரைத் தட்டினான். குழாய் ஒரு முறை செருமியது, இருமியது, அப்புறம் தொட்டியில் வந்து விழுந்தது பாருங்கள் தண்ணி, தொடை தண்டி! வேதாசலம் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். மோகனப்ரியா சிரித்தாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனால் அந்தத் தண்ணி போன இடம்தான் வினை. நெல்லுக்கு இன்னும் முறை வரவில்லை. அதனால் ஜெயப்பிரகாஷ் அதைக் கால்வாயில் பக்கத்து ஞானம்மாளின் கத்திரித் தோட்டத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். தண்ணி பாஞ்சாலிக்காவின் கண் முன்னால், அவளுடைய வெடித்த கழனியைத் தாண்டி, குலுங்கிக் குலுங்கி அடுத்தவள் கத்திரிக்காய்க்குப் போயிற்று. சம்பந்தி ஆகப் போகிறவர் தொட்டி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் தண்ணி கண்டால் மடை திறந்த கை. அவளால் தாங்க முடியவில்லை. வரப்பு மேல் கிடந்த மம்மட்டியை எடுத்தாள், ஒரே போடு. கழனி மடை வாய் திறந்துகொண்டது.

"அம்மா, வேணாம்! பொட்டி உள்ள இருக்கு! கடைசி ஊசி இன்னும் எடுக்கல!" பலகை மேலிருந்து சௌமியா அலறினாள். அவளால் இறங்கி ஓடிவரவும் முடியாது, கால் மண்ணில் பட்டால் அதுவே போதும் கெடுக்க. ஜெயப்பிரகாஷ் ஸ்டார்ட்டர் பக்கம், அந்தக் கோடியில். அவன் நிறுத்தினாலும் கால்வாயில் இருக்கிற தண்ணி நிற்கவா போகிறது?

மடைக்குப் பக்கத்தில் பாஞ்சாலிக்காவை விட்டால் இருந்தவர் கோதண்டபாணி ஒருத்தர்தான். அடைக்க மண் தேடினார். சுற்றிலும் காய்ந்த மண், கைக்கு வரவில்லை. ஒரு கணம் தன் பட்டுக்கரையைப் பார்த்தார். அப்புறம் அந்த உடைப்பிலேயே, சாய்வு நாற்காலியில் சாய்கிற மாதிரி, உட்கார்ந்துவிட்டார். தண்ணி அவர் முதுகில் மோதி, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, கத்திரித் தோட்டத்துக்கே திரும்பியது.

"எழுந்திருய்யா!" என்றாள் பாஞ்சாலிக்கா.

"மாட்டேன்."

"வேட்டிய்யா! சம்பந்தி பாத்துகினு கீறாரு!"

"பாக்கட்டும். பன்னண்டு வூடு நம்ம கழனிய நம்பிகினு கீதுடி. அந்தப் பொண்ணு கடைசி ஊசி போடற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

பாஞ்சாலிக்கா எழுந்திரு என்று சொல்லி அவர் எழுந்திருக்காததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேதாசலம் குடையை ஊன்றிக்கொண்டு மெதுவாக அருகே வந்தார். "ஏங்க, இவ்ளோ தண்ணிய வெச்சிகினா அன்னிக்கு என் கிட்ட சொட்டு கெடையாதுன்னு சொன்னீங்கோ?"

"கழனியில தண்ணி எப்படின்னு கேட்டீங்கோ, சொட்டு கெடையாதுன்னேன். பாருங்க, இன்னிக்கும் கெடையாது. போர்ல கீதான்னு கேட்டிருந்தா கீதுன்னு சொல்லியிருப்பேன்."

"கேக்காததையும் சொல்லலாமே?"

"வளவளன்னு பேசாதன்னு பையன் சொல்லியிருந்தாங்க."

வேதாசலத்துக்கு மீசை லேசாகத் துடித்தது. "வேலை முடியற வரைக்கும் செவப்புக் கொடி புடிச்சவன் எடத்த வுட்டு நகரக் கூடாது. எங்க தண்டவாளக் கேங்குல அதான் சட்டம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இப்டி ஒரு ஆளு எங்க கேங்குல இருந்திருந்தா, நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

குடையை மகளிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். பாஞ்சாலிக்கா கையிலிருந்த மம்மட்டியை வாங்கி, வரப்பின் காய்ந்த மண்ணைக் கொத்திக் கொத்தித் தண்ணியில் போட்டு மிதித்து, கோதண்டபாணிக்கு இரண்டு பக்கமும் அணை கட்டினார். தண்டவாளத்துக்கு ஜல்லி போட்டு இறுக்கிய கை, வேலை சுத்தமாக இருந்தது. கடைசி ஊசியை எடுத்துவிட்டு சௌமியா கையை ஆட்டிய பிறகுதான் கோதண்டபாணியைத் தூக்கி எடுத்தோம். ஒரு ஓரத்தில் கொஞ்சம் தண்ணி கசிந்திருந்தது. பெட்டிகள் வரைக்கும் எட்டவில்லை, கணக்கு கெடாது என்று சௌமியா குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். ஜெயப்பிரகாஷ் அப்போதுதான் மூச்சு விட்டான். முதலில் பெட்டியைப் பார்த்தான், அப்புறம்தான் பெண்ணைப் பார்த்தான். மோகனப்ரியா அதைக் கவனித்தாள். கவனித்ததை நான் கவனித்தேன்.

வேதாசலம் தொட்டியில் கை காலைக் கழுவிக்கொண்டார். சட்டையெல்லாம் சேறு.

"இலை போடச் சொல்லுங்க. மலைப் பிரசாதம் எந்த மூலைக்கு?" என்றார்.

பாஞ்சாலிக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். பாயசத்தைத் திரும்பக் காய்ச்சியது நான்தான், அதை யாரும் சொல்ல மாட்டார்கள். கோதண்டபாணி கைலிக்கு மாறி சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் பேசித் தீர்த்தார். வேதாசலம் வடை மேல் வடையாகச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

வெற்றிலை பாக்கு மாற்றும்போது ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

"நிச்சயத்துக்கு எங்க சனம் ஒரு பஸ் நெறைய வரும். எல்லாரும் ஜன்னல் வழியாப் பாப்பாங்கோ. ஒவ்வொருத்தருக்கா எறங்கி மூடியத் தொறந்து காட்டிகினு இருக்க முடியாது. அதுக்குள்ள அந்த மூணு குழாய்க்கும் பச்சை பெயின்ட் அடிச்சிடுங்க மாப்ள."

ஜெயப்பிரகாஷ் அடித்துவிட்டான், பயிரோடு பயிராகத் தெரியாதபடி. நிச்சயத்துக்கு வந்தவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கழனிக்குள் இறங்குகிற கோதண்டபாணிக்குத்தான் குழாய் எங்கே என்று தெரிவதில்லை. நூல் அறுந்து நான் தறியை நிறுத்துகிற நேரத்தில் "ஐயோ, கட்டவெரலு!" என்று ஒரு சத்தம் கேட்கும். எந்த மடியில் நிற்கிறார் என்று நிமிராமலே சொல்லிவிடுவேன்.